உதைபந்தாட்டமும் ஊடகத் திறனாய்வும்: இரசிகர் மனக்குறை குறித்து ஒரு நோக்கு

நூலொன்றைப் படிக்காமலே அதன் தகுதி பற்றித் தீர்ப்புரைக்கும் ஒருவரைத் திறனாய்வாளர் என நாம் ஏற்பதில்லை. நூலிலிருந்து சான்று காட்டாது ‘நன்று’, ‘தீது’ என மாத்திரம் உரைத்துச் செல்பவரையும் அவ்வாறே ஒதுக்கிவிடுகின்றோம். பேராதனையில் வளர்ந்த தமிழ்த் திறனாய்வு மரபு இவ்வெதிர்பார்ப்பை நம்மிடையே ஆழ ஊன்றியுள்ளது. அம்மரபு பல்கலைக்கழக மதில்களுக்குள் மாத்திரம் நிலவியதன்று. இங்கு பயின்ற க. கைலாசபதி 1960ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தினகரன் நாளிதழின் ஆசிரியராகப் பணியாற்றியபோது, நாளிதழ்ப் பக்கங்களும் கருத்தாழமுள்ள இலக்கிய விவாதங்களுக்கு இடமளிக்கலாம் என்பது நடைமுறையிற் காட்டப்பட்டது. வாசகர் தரத்தைக் காரணங்காட்டித் தன் தரத்தைத் தாழ்த்திக்கொள்ளாத இதழ், நாளடைவில் வாசகரையும் உயர்த்தும் என்பதே அவ்வனுபவம் தரும் பாடமாகும்.

உலகில் மிகப் பெருந்தொகையான மக்கள் கண்டு களிக்கும் கலைகளுள் ஒன்று உதைபந்தாட்டம். அதனைப் பற்றி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாளிதழ்களிலும் இடையறாது பேசப்படுகின்றது, எழுதப்படுகின்றது. ஆயின் அப்பேச்சுக்கும் எழுத்துக்கும் மேற்கூறிய நெறியை எவரும் அளவுகோலாக வைப்பதில்லை. இதன் விளைவாக, ஆட்டத்தை நேசிப்போர் பலர் தொலைக்காட்சியின் ஒலியை அடக்கிவிட்டுப் படத்தை மாத்திரம் பார்க்கும் நிலை தோன்றியுள்ளது. இரசிகரின் இம்மனக்குறையைப் பொழுதுபோக்கினர் சிலரது முணுமுணுப்பு என ஒதுக்கிவிடுதல் எளிது. அது எக்காரணங்களால் எழுகின்றது, அதில் எவ்வளவு நியாயம் உண்டு, இலங்கைத் தமிழ் இரசிகரைப் பொறுத்தவரையில் அது எத்தகைய இழப்பாக உருவெடுக்கின்றது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கண்ணாக இருந்த குரல்

உதைபந்தாட்ட நேர்முக வர்ணனையின் தொடக்கம் நமது ஆய்வுக்குப் பயனுள்ள செய்தியொன்றைத் தருகின்றது. 1927ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள், இலண்டன் ஹைபரி மைதானத்தில் ஆர்சனல் அணிக்கும் ஷெஃபீல்ட் யுனைட்டெட் அணிக்கும் இடையே நடைபெற்ற ஆட்டத்தைப் பி.பி.சி. ஒலிபரப்பியது. அந்நிறுவனம் உதைபந்தாட்டத்தை நேர்முகமாக வர்ணித்த முதல் நிகழ்வு அதுவே. கேட்போருக்கு மைதானம் தெரியாது என்பதை உணர்ந்த ஒலிபரப்பாளர், மைதானத்தை எட்டுச் சதுரங்களாகப் பிரித்து, எண்ணிட்ட வரைபடத்தை வானொலி வார இதழில் முன்கூட்டியே அச்சிட்டு வழங்கினர். ஒருவர் ஆட்டத்தை வர்ணிக்க, மற்றொருவர் பந்து நிற்கும் சதுரத்தின் எண்ணை இடையிடையே கூறினார். வீட்டிலிருந்தோர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பின்தொடர்ந்தனர்.

இந்த ஏற்பாட்டின் அடியில் இருந்த வினா மிக எளியது: ‘கேட்பவருக்கு எது தெரியவில்லை? அதனை எவ்வாறு தெரியப்படுத்தலாம்?’ வானொலி வர்ணனையாளர் இரசிகரின் கண்ணாக இருந்தார். சென்னை வானொலியில் கிரிக்கெட் ஆட்டங்களைத் தமிழில் வர்ணித்த சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோர் ஈட்டிய புகழும், காணாததைக் காணச் செய்த ஆற்றலினால் விளைந்ததே. அன்னார் குரலால் ஆட்டம் மாத்திரமன்றித் தமிழும் வளம்பெற்றது.

தொலைக்காட்சி வந்தபின் நிலைமை மாறியது. பி.பி.சி.யின் ‘மட்ச் ஒஃப் த டே’ நிகழ்ச்சி 1964இல் தொடங்கிற்று. 1970ஆம் ஆண்டு மெக்சிக்கோ உலகக் கிண்ணப் போட்டியின்போது பிரித்தானியாவின் ஐ.டி.வி. நிறுவனம் முன்னாள், இந்நாள் ஆட்டக்காரரையும் பயிற்றுநரையும் ஒரு மேசையைச் சுற்றி அமர்த்தி வாதிடச் செய்தது. இன்று உலகெங்கும் காணப்படும் கருத்துரைஞர் குழாத்துக்கு அதுவே முன்மாதிரி எனலாம். அக்குழாம் பெருவரவேற்பைப் பெற்றது உண்மையே. ஆயினும் அவ்வரவேற்புக்கு விளக்கத்தின் தெளிவை விட வாக்குவாதத்தின் சுவையே பெரிதுங் காரணமாயிற்று. வாதமே விற்பனைப் பொருள் என்னும் பாடத்தை ஊடகங்கள் அங்கிருந்து கற்றுக்கொண்டன.

படம் கண்முன் இருக்கும்போது வர்ணனையாளர் கண்ணாக இருக்கவேண்டிய தேவை குறைகின்றது. அப்பொழுது அவர் இரசிகரின் சிந்தனைக்குத் துணையாகவேண்டும். ‘என்ன நடந்தது’ என்பதிலிருந்து ‘ஏன் நடந்தது’ என்பதற்கு நகரவேண்டும். இம்மாற்றம் முழுமையாக நிகழவில்லை. படத்தில் தெரிவதையே மீண்டும் சொல்லுதலும், அதன்மேல் உணர்ச்சியைப் பூசுதலும் வழக்கமாயின. இரசிகரின் முதன்மையான மனக்குறை இங்கேயே தோன்றுகின்றது.

2. முடிவிலிருந்து பின்னோக்கிக் காரணம் காணல்

உதைபந்தாட்டத்தில் கோல்கள் அரியவை. 2022ஆம் ஆண்டு கட்டார் உலகக் கிண்ணப் போட்டியின் 64 ஆட்டங்களில் 172 கோல்கள் பெறப்பட்டன. உலகக் கிண்ண வரலாற்றில் அதுவரை பெறப்பட்ட மிகக் கூடிய தொகை அதுவே. எனினும் ஆட்டமொன்றுக்குச் சராசரி மூன்று கோல்கூட இல்லை. இவ்வாறு அரிதாக நிகழும் ஒன்றே வெற்றி தோல்வியை நிர்ணயிக்குமிடத்து, தற்செயலுக்குப் பெரும் பங்கு உண்டு. கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து இரண்டு அங்குலம் உள்ளே சென்றிருப்பின், அதே ஆட்டம் வேறு முடிவைப் பெற்றிருக்கும். ஆட்டத்தின் தரமும் ஆட்டத்தின் முடிவும் ஒன்றல்ல என்பதை நெடுங்காலம் ஆட்டம் பார்த்துவரும் இரசிகர் அனுபவத்தால் அறிவர். கருத்துரைஞரோ முடிவைத் தெரிந்துகொண்டபின் அதற்கேற்ற காரணங்களைப் பின்னோக்கிச் சென்று பொறுக்குகின்றனர். வென்ற அணியின் தலைவர் ‘அஞ்சா நெஞ்சர்’ ஆகின்றார். தோற்றவர் ‘போராட்டக் குணம் அற்றவர்’ ஆகின்றார்.

கட்டாரில் 2022 நவம்பர் 22ஆம் நாள் ஆர்ஜென்டீனா அணி சவுதி அரேபியாவிடம் 2-1 எனத் தோற்றமை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. முற்பாதியில் ஆர்ஜென்டீனா பெற்ற மூன்று கோல்கள் ‘ஓவ்சைட்’ விதியின்படி செல்லாதனவாயின. அது வெறும் நற்பேறின்மை அன்று. தற்செயல் மாத்திரமும் அன்று. சவுதிப் பின்கள வீரர் தம் கோலை அண்டி நில்லாது, மைதானத்தின் நடுப்பகுதியை நோக்கி வரிசையாக முன்னேறி நின்றனர். எதிரணி முன்கள வீரருக்குப் பந்து அனுப்பப்படும் நொடியில் அவர் அவ்வரிசையைத் தாண்டி நிற்குமாறு செய்வதே இவ்வுபாயம். இதில் ஆபத்து மிகுதி. ஒருவர் ஓரடி பின்தங்கினும் முழு வரிசையும் பயனற்றுப்போம். அன்று அது மயிரிழையில் வெற்றி தந்தது. இவ்வுபாயத்தையும் அதன் ஆபத்தையும் விளக்கியிருப்பின், இரசிகர் ஒருவர் அடுத்து எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் பின்கள வரிசையை உற்றுநோக்கக் கற்றிருப்பார். பெரும்பாலான தலைப்புகள் ‘அதிர்ச்சி’, ‘அவமானம்’ என்னும் சொற்களோடு நின்றன. தோல்வியின் அடிப்படையில் ஆர்ஜென்டீனாவின் வீழ்ச்சியை அறிவித்தோர், அதே அணி டிசம்பர் 18இல் கிண்ணத்தை வென்றபோது, அதே தோல்வியையே அவ்வணியின் மனவுறுதிக்குச் சான்றாகக் காட்டினர். எம்முடிவுக்கும் பொருந்தும் விளக்கம் எதையும் விளக்குவதில்லை.

எண்களைக் கையாண்டுவிட்டால் இக்குறை நீங்கிவிடும் எனக் கருதுதலும் தவறாகும். இங்கிலாந்தின் சார்ள்ஸ் ரீப் என்பார் விமானப்படையிற் கணக்காளராகப் பணிபுரிந்தவர். 1950 தொடக்கம் ஆட்டங்களை நிகழ்வு நிகழ்வாகக் குறித்து வந்தார். கோல்களுள் நூற்றுக்கு 80 அளவானவை, மூன்று அல்லது அதற்குக் குறைந்த பந்துப் பரிமாற்றங்களால் விளைந்தவை என அவர் கண்டார். இதிலிருந்து, பந்தைப் பல தடவை பரிமாறுதல் வீண் எனவும், நீள உதைத்து விரைந்து முன்செல்லுதலே சிறந்தது எனவும் முடிவு செய்யப்பட்டது. ஆட்டத்தில் நிகழும் நகர்வுகளுள் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டவை மூன்று பரிமாற்றங்களுக்கு உட்பட்டவையே என்பது கவனிக்கப்படவில்லை. அதாவது, நூற்றுக்குப் பத்துக்கும் குறைந்த நீண்ட நகர்வுகள் நூற்றுக்கு இருபது கோல்களைத் தந்தன. கணக்கைச் சரியாக நோக்கின் முடிவு தலைகீழாகின்றது. எண்கள் உண்மையாக இருந்தும், அவற்றைக் கொண்டு கேட்கப்பட்ட வினா பிழையாக இருந்தது. இன்று தொலைக்காட்சித் திரையில் பந்து வைத்திருந்த விகிதம், உதைகளின் எண்ணிக்கை என்பன ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பொருள்கொள்ளும் முறையை எடுத்துரைப்பாரின்றேல் அவை திரையின் அலங்காரங்களேயாம்.

3. பந்தில்லாத ஆட்டம்

தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒரு வீரரின் காலில் பந்து இருப்பது ஒருசில நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் அவர் இடம்பிடிக்கின்றார்; எதிராளியின் வழியை அடைக்கின்றார்; தன் தோழர்க்கு வெளியை உண்டாக்குகின்றார். ஆட்டத்தின் அறிவு பெரிதும் இப்பகுதியிலேயே பொதிந்துள்ளது. தொலைக்காட்சிக் கமராவோ பந்தையே பின்தொடர்கின்றது. மைதானத்தில் நேரே அமர்ந்து பார்ப்பவருக்கு இயல்பாகத் தெரியும் இருபத்திரண்டு பேரின் அமைவு, திரையில் ஐந்தாறு பேராகச் சுருங்கிவிடுகின்றது.

இவ்விழப்பை ஈடுசெய்யவேண்டியவர் கருத்துரைஞரே. முன்பு ஆடியவர் என்ற தகுதியால் அமர்த்தப்படும் அவர், திரைக்கு வெளியே நடப்பதை அறியும் ஆற்றல் உடையவர். ஆயினும் இடைவேளையில் விளம்பரங்கள் போக அவருக்குக் கிடைக்கும் நேரம் மிகச் சிறிது. அந்நேரமும் நடுவரின் தீர்ப்பு சரியா பிழையா என்னும் வழக்கிலும், புகழ்பெற்ற வீரர் ஒருவரின் முகபாவத்திலும் செலவாகிவிடுகின்றது. பின்கள வீரர் ஒருவர் எண்பது நிமிடங்கள் பிழையின்றி இடங்காத்தமை பேசப்படாது. எண்பத்தோராம் நிமிடத்தில் அவர் வழுக்கி விழுந்தமை பத்துமுறை காட்டப்படும். கூத்தில் அண்ணாவியாரையும் பிற்பாட்டுக்காரரையும் மறந்து, அரசன் வேடங் கட்டியவரை மாத்திரம் பாராட்டும் விமர்சனம் எத்தகையதோ, அத்தகையதே இதுவும்.

4. சொல்லினுள் மறைந்த முன்முடிவும் சரிபாராத செய்தியும்

விமர்சனச் சொற்கள் நடுநிலையானவை அல்ல. 2020இல் டென்மார்க்கைச் சேர்ந்த ரன்ரிப்பீட் என்னும் நிறுவனம், இங்கிலாந்து, இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் ஆகிய நாடுகளின் முதற்றர லீக்குகளில் நடைபெற்ற 80 ஆட்டங்களின் ஆங்கில வர்ணனையை ஆராய்ந்தது. அறிவுத்திறனைப் பாராட்டிய கூற்றுகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 63 பங்கு வெளிறிய நிறமுடைய வீரரைக் குறித்தன. உடல் வலிமை பற்றிய பேச்சோ, கரிய நிறமுடைய வீரரைக் குறித்து ஆறு மடங்கிலும் அதிகமாக எழுந்தது. வர்ணனையாளர் எவரும் வேண்டுமென்றே இழிவுபடுத்தினர் எனக் கொள்ளவேண்டியதில்லை. பழக்கப்பட்ட சொற்றொடர்கள் தாமே பேசிக்கொண்டன. ஒருவரது சிந்தனை பாராட்டப்படுகின்றது. மற்றவரது தசை பாராட்டப்படுகின்றது. நமது சூழலிலும், நகர்ப்புறக் கல்லூரி வீரருக்கு ‘நுட்பம்’ என்னும் சொல்லையும், தோட்டத்திலிருந்தோ கரையோரக் கிராமத்திலிருந்தோ வந்த வீரருக்கு ‘முரட்டு வலிமை’ என்னும் சொல்லையும் வழங்குகின்றோமா எனத் தமிழில் விளையாட்டு எழுதுவோர் தம்மைத் தாமே கேட்டல் வேண்டும்.

சரிபாராது திரும்பக் கூறப்படும் கதைகள் மற்றொரு குறை. 1950ஆம் ஆண்டு பிரேசில் உலகக் கிண்ணத்தில், வெறுங்காலுடன் ஆட அனுமதி மறுக்கப்பட்டமையால் இந்தியா பங்குகொள்ளவில்லை என்னும் கதை நான்காண்டுக்கு ஒருமுறை தமிழ்ப் பத்திரிகைகளிலும் தலைகாட்டும். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடியமை உண்மை. ஆயின் 1950இல் விலகும் முடிவை எடுத்தது இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனமே. அணித்தெரிவில் எழுந்த கருத்து வேறுபாடும் பயிற்சிக்குக் காலம் போதாமையுமே அன்று அது கூறிய காரணங்கள். சுவையான கதை ஒரு நிருவாகத்தின் பொறுப்பை மறைத்துவிட்டது. இது சிறு பிழை போலத் தோன்றினும், யார் பொறுப்பு என்னும் வினாவைக் கதை விழுங்கிவிடும் முறைக்கு நல்ல சான்றாகும்.

இப்போக்கின் மிகக் கொடிய வடிவத்தை 1989இல் இங்கிலாந்து கண்டது. ஏப்ரல் 15ஆம் நாள் ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலில் லிவர்பூல் அணியின் இரசிகர் 97 பேர் உயிரிழந்தனர். நான்கு நாட்களின் பின் ‘தி சன்’ நாளிதழ் ‘உண்மை’ எனப் பொருள்படும் தலைப்பில், இறந்தோரின் உடைமைகளை இரசிகர்களே களவாடினர் என்பது முதலான பழிகளைச் சுமத்தியது. 2012இல் சுயாதீனக் குழுவின் அறிக்கை அப்பழிகளைப் பொய்யென நிறுவிற்று. 2016இல் மரண விசாரணைச் சபை, இறந்தோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் எனவும், இரசிகர் நடத்தை அதற்குக் காரணமன்று எனவும் தீர்த்தது. இருபத்தேழு ஆண்டுகள் அக்குடும்பங்கள் துயரத்துடன் பழியையும் சுமந்தன. லிவர்பூல் நகரத்தார் பலர் அவ்விதழைத் தொடர்ந்து புறக்கணித்து வருகின்றனர். உதைபந்தாட்ட இரசிகர் ஊடகத்தின்மீது கொள்ளும் ஐயம் வெறும் சுவைவேறுபாடு அன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தும். ஒரு கூட்டத்தாரை அறிவற்ற கும்பலாகவே சித்திரித்துப் பழகிய ஊடகம், அக்கூட்டத்தார் மாளும்போதும் அவ்வாறே எழுதியது.

5. நமது நிலை: பேசப்படாமை என்னும் குறை

இதுகாறும் கூறியவை பேசப்படும் முறையிலுள்ள குறைகள். இலங்கையின் உதைபந்தாட்ட இரசிகருக்கு, அவற்றினும் மேலாக, பேசப்படாமையே பெருங்குறையாக உள்ளது.

கண்டிப் பிரதேசத்தை எடுத்துக்கொள்வோம். இந்நகரின் விளையாட்டுப் புகழ் என்றதும் ஊடகங்களுக்கு நினைவுக்கு வருவன றக்பியும் கிரிக்கெட்டுமே. 1874இல் தோன்றிய கண்டி விளையாட்டுக் கழகத்தின் நித்தவளை மைதானமும், 1945 முதல் திரித்துவக் கல்லூரிக்கும் கொழும்பு றோயல் கல்லூரிக்கும் இடையே நடைபெற்றுவரும் பிரட்பி கேடய றக்பி ஆட்டமும் பத்திரிகைகளில் தமக்கென இடம்பெற்றவை. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் உருவாகி டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட்டுகள் வீழ்த்திய முத்தையா முரளிதரனின் சாதனையை உலகம் அறியும். இவை பெருமைக்குரியனவே. ஆயின் போகம்பரை மைதானத்திலும், கம்பளை, நாவலப்பிட்டி ஆகிய ஊர்களிலும், தோட்டப்புற வெளிகளிலும் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டுவரும் உதைபந்தாட்டத்துக்கு அத்தகைய இடம் கிட்டவில்லை. 2021இல் பத்து அணிகளுடன் நடைபெற்ற இலங்கைச் சுப்பர் லீக்கில் மலையகத்தின் சார்பாக நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ் ஆடியது. அவ்வணியின் வீரர் எவ்வாறு உருவாயினர், எத்தொழில் செய்து எப்போது பயிற்சி பெற்றனர் என்பவற்றை வருங்கால ஆய்வாளர் ஒருவர் அறிய விரும்பின், கோல் எண்ணிக்கைக்கு மேலாக அவருக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்று மிகச் சொற்பமாகவே இருக்கும்.

இதற்குச் சமூகக் காரணம் உண்டு. கிரிக்கெட்டும் றக்பியும் பெருங் கல்லூரிகளின் வழியே வளர்ந்தவை. அக்கல்லூரிகளின் பழைய மாணவரே பத்திரிகை அலுவலகங்களிலும் விளம்பர நிறுவனங்களிலும் இடம்பெற்றனர். உதைபந்தாட்டமோ துறைமுகத் தொழிலாளரிடையேயும், கொழும்பின் நெருக்கமான தெருக்களிலும், மன்னார், யாழ்ப்பாணக் கரையோரங்களிலும், தேயிலைத் தோட்டங்களிலும் வேரூன்றியது. தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் சிங்களவரும் ஒரே அணியில் ஆடிய ஆட்டம் அது. ஆட்டம் எளியோரின் உடைமையாயிருப்பின், அதன் வரலாறும் எளியோரின் வரலாற்றைப் போலவே எழுதப்படாது போகின்றது.

1995ஆம் ஆண்டு இதற்கு உரைகல். அவ்வாண்டு கொழும்பில் நடைபெற்ற தெற்காசியத் தங்கக் கிண்ணப் போட்டியின் இறுதியாட்டத்தில் இலங்கை அணி இந்தியாவை 1-0 என வென்றது. மேலதிக நேரத்தில் பெறும் முதற்கோலே ஆட்டத்தை முடித்துவைக்கும் ‘தங்கக் கோல்’ விதியின்படி, அமானுல்லாவின் கோல் வெற்றியைத் தந்தது. நாட்டின் உதைபந்தாட்ட வரலாற்றில் அதுவே தலையாய வெற்றி எனலாம். ஓராண்டுக்குள், 1996 மார்ச்சில், இலங்கை கிரிக்கெட் அணி லாகூரில் உலகக் கிண்ணத்தை வென்றது. அப்பெரு வெற்றியின் ஒளியில் முன்னையது மறைந்ததில் வியப்பில்லை. வியப்புக்குரியது, அதன்பின் எவரும் அதனைத் தேடி எடுத்து எழுத முனையாமையே. 1996 அணியின் பதினொருவர் பெயரையும் மனப்பாடமாகச் சொல்லும் பள்ளி மாணவர் பலர். 1995 அணியில் ஐவர் பெயரைச் சொல்லவல்லார் அரியர்.

பேசப்படாமை நிருவாகத்தையும் காக்கின்றது. 2023 சனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியிலேயே தடை நீங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் பெங்களூரில் நடைபெற்ற தெற்காசியப் போட்டியில் இலங்கை பங்குகொள்ள இயலவில்லை. உறுப்பு நாட்டின் சம்மேளனம் வெளியார் தலையீடின்றித் தன் அலுவல்களை நடத்தவேண்டும் என்பது பீபாவின் அடிப்படை விதிகளுள் ஒன்று. தேர்தல், விளையாட்டமைச்சின் அதிகாரம், சம்மேளனத்தின் யாப்பு ஆகிய மூன்றும் சிக்கலாகப் பின்னிய இவ்விடயம் படிப்படியாக விளக்கப்படவேண்டியது. நாம் படித்த தமிழ்ச் செய்திகளுட் பல, தடை விதிக்கப்பட்டதையும் நீக்கப்பட்டதையும் அறிவித்தனவேயன்றி, இடைப்பட்ட ஏழு மாதங்களில் வீரர் இழந்தவை எவை, பொறுப்பு எவருடையது என ஆராயவில்லை. இருபது வயது வீரர் ஒருவருக்கு ஓராண்டு என்பது அவரது ஆட்ட வாழ்வில் பெரும்பகுதி என்பதை எண்ணுக.

தமிழ் இரசிகருக்கு மொழிக் குறையும் உண்டு. ஐரோப்பிய ஆட்டங்களை அவர் பெரும்பாலும் ஆங்கில வர்ணனையுடன் காண்கின்றார். கட்டார் உலகக் கிண்ணத்தின்போது இந்தியாவில் ஜியோசினிமா வழியாகத் தமிழ் வர்ணனையும் வழங்கப்பட்டது வரவேற்கத்தக்கது. இலங்கையில் ‘த பபரே’ என்னும் இணைய விளையாட்டு ஊடகம் தமிழிலும் உள்ளூர் உதைபந்தாட்டச் செய்திகளை வெளியிட்டமையும் குறிப்பிடற்பாலது. எனினும் தமிழ் வர்ணனை பலவேளை ஆங்கிலச் சொற்களைத் தமிழ் வினைமுற்றுகளால் ஒட்டும் முயற்சியாகவோ, திரைப்பட வசனத்தை ஒத்த ஆரவாரமாகவோ அமைந்துவிடுகின்றது. பின்கள வீரர், மத்தியகள வீரர், முன்கள வீரர், மூலை உதை, தண்டனை உதை, பந்துப் பரிமாற்றம் முதலிய சொற்கள் நம்மிடையே ஏற்கெனவே வழங்குகின்றன. கோல், ஓவ்சைட் போன்றவற்றை அவ்வாறே ஏற்றுக்கொள்வதிலும் இழுக்கில்லை. குறை சொல்லில் இல்லை. ஆட்டத்தின் உபாயங்களைத் தமிழிற் சிந்தித்துத் தொடர்ந்து விளக்கும் பயிற்சியின்மையில் உள்ளது.

6. மறுதரப்பு

ஊடகத்தார் தரப்பிலும் நியாயங்கள் உள. கொழும்பில் அச்சாகும் நாளிதழின் வெளியூர்ப் பதிப்பு இரவு நெடுநேரம் காத்திருக்க இயலாது. நள்ளிரவில் முடியும் ஆட்டத்தை ஆராய்ந்தெழுத நேரமில்லை. பிரதேச நிருபர் ஒருவரே மண்சரிவையும் பாடசாலை விழாவையும் உதைபந்தாட்டத்தையும் எழுதவேண்டியவர். அவருக்குக் கிடைக்கும் ஊதியமோ போக்குவரத்துக்கே போதாது. உள்ளூர் ஆட்டங்களில் வீரர் பெயர்ப்பட்டியல்கூட முறையாக வழங்கப்படாதவிடத்து அவர் எதனை எழுதுவார்? இரசிகரும் குற்றமற்றவர் அல்லர். தன் அணி தோற்றால் நடுவரைப் பழித்தலும், தமக்கு உவப்பான தீர்ப்பையே நடுநிலை எனக் கொள்ளுதலும் அவரிடத்து உண்டு. பரபரப்பான தலைப்பை இகழ்ந்துகொண்டே அதனை முதலிற் படிப்பவரும் அவரே.

இவற்றை ஏற்றுக்கொண்டபின்னும் அடிப்படை வழக்கு நிற்கின்றது. நேரமின்மை ஆரவாரத்துக்குக் காரணமாகாது. ஆரவாரத்தை எழுத எடுக்கும் நேரத்தில் உண்மை ஒன்றையும் எழுதலாம். மறுநாள் எழுதப்படும் அமைதியான கட்டுரைக்கு நள்ளிரவு ஒரு தடையன்று.

7. செய்யத்தக்கன

இங்கிலாந்தில் 1980களில் பத்திரிகைகள்மீது நம்பிக்கையிழந்த இரசிகர், தாமே சிறு சஞ்சிகைகளைத் தட்டச்சிட்டுப் படியெடுத்து மைதான வாயில்களில் விற்றனர். 1986இல் அவ்வாறு தோன்றிய ‘வென் சற்றடே கம்ஸ்’ நாளடைவில் மதிப்புடைய இதழாக வளர்ந்தது. கையெழுத்துச் சஞ்சிகை மரபுடைய நமக்கு இது புதிதன்று. குறை கூறுதலோடு நில்லாது எழுதத் தொடங்கிய இரசிகரே அங்கு விமர்சனத்தின் தரத்தை மாற்றினர்.

பேராதனைத் தமிழ் மாணவர் செய்யத்தக்க பணிகள் சில உள. முதலாவது, பதிவு. யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, மலையகம் ஆகிய எல்லாப் பிரதேசத்தவரும் ஒருங்கே வாழும் இடம் இது. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும், முதிய ஆட்டக்காரர் ஒருவரையேனும் கண்டு, அவர் ஆடிய கழகம், காலம், மைதானம், உடனாடியோர் பெயர், பாதுகாத்த புகைப்படம், பத்திரிகைத் துண்டு ஆகியவற்றைக் குறித்து வருவாராயின், சில ஆண்டுகளில் அரிய ஆவணத் தொகுதியொன்று உருவாகும். காலந் தாழ்த்தின் அவர்கள் நினைவுகள் அவர்களுடனேயே மறையும். இரண்டாவது, ஆட்ட அறிக்கை. திகதி, இடம், இரு அணிகளின் முழுப் பெயர்ப்பட்டியல், கோல் பெற்றவரும் நிமிடமும், ஆட்டத்தை மாற்றிய உபாயம் ஒன்று ஆகிய ஐந்தும் இல்லாத அறிக்கையை முழுமையற்றதெனக் கொள்ளும் வழக்கத்தை மாணவர் சஞ்சிகைகளில் ஏற்படுத்தலாம். மூன்றாவது, பயிற்சி. பல்கலைக்கழக மைதானத்தில் நடைபெறும் ஆட்டங்களைத் தமிழில் வர்ணித்துப் பழகி, அவ்வொலிப்பதிவைத் தாமே கேட்டுத் திருத்திக்கொள்வோர் நால்வர் உருவாயினும் நாளைய ஊடகம் அவர்களை நாடும்.

உதைபந்தாட்ட இரசிகர் ஊடகத்திடம் வேண்டுவது புகழ்ச்சியையன்று. தாம் கண்டதைத் தம்மினும் நன்கு கண்ட ஒருவரின் விளக்கத்தையே வேண்டுகின்றார். தம் ஊர் வீரரின் பெயர் பிழையின்றி எழுதப்படுவதை வேண்டுகின்றார். தோல்விக்கு வீரரின் நெஞ்சுரத்தைக் குறைகூறுமுன், அவருக்குக் காலணியும் மைதானமும் வழங்கவேண்டியவர் யாவர் எனக் கேட்கப்படுவதை வேண்டுகின்றார். இவை மூன்றும் திறனாய்வின் பழைய கடமைகளே: கூர்ந்து நோக்கல், பிழையின்றிப் பதிதல், பொறுப்பை வினாவுதல். இலக்கியத்துக்கு இவற்றை வற்புறுத்தி வென்ற ஒரு பல்கலைக்கழக மரபு, மக்கள் பெருந்தொகையினர் நேசிக்கும் ஆட்டத்துக்கும் அவற்றை வற்புறுத்துதல் முறையேயாகும்.